பெட்டியின் பின்பக்கம்

ஏறக்குறைய எட்டுக் கிழமை என் கணவருக்கு நான் வயிற்றுவலியைச் சமைத்துக் கொடுத்தேன். அது தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகும் இருபத்திரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தேன். அது தெரிந்தே செய்தது. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். அப்படி எழுதினால் இதை எழுதவே தேவையில்லை.

நாங்கள் மெல்பேணின் தென்கிழக்குப் பக்கம் இருக்கிறோம். அவர் பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. எந்தத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பெற்றோல் நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத் தன் பாதையோடு சேர்த்து அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். விடியற்காலை நாலரைக்கு எழும்பி வெறும் தண்ணீரோடு வேலைக்குப் போவார். சாப்பிட்டால் பஸ் நடுவழியில் நிற்க வேண்டி வரும் என்ற பயம். வயிறு ஊதும், முறுக்கும், திடீரென்று இளகும். மூன்று வருடம் இதோடு ஓடினார். இரத்தம் சோதித்தார்கள், குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயும் இல்லை. கடைசியில் ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய் என்றார் வைத்தியர். அவுஸ்திரேலியாவில் ஏழு பேரில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்லப்படும் நோய். குடலைப் படம் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் குடல் நரம்புகள் சாதாரண உப்புசத்தையே வலியாக உணரும். ‘ஒன்றும் இல்லையாம்’ என்று ஊராருக்குச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதையும் இங்கே சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வைத்தியர் எங்களை ஓர் உணவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தப் பெண்தான் ஃபொட்மாப் குறைந்த உணவுமுறையை விளங்கப்படுத்தினார். எங்கள் நகரத்து மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பேர்ட் முதலான ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை அது. 2005 இல் அந்தப் பெயரை வைத்தார்கள். ஃபொட்மாப் எனப்படும் சில குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து வாயுவாக்கும். எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான் இது, ஆனால் ஐபிஎஸ் உள்ளவருக்கு மட்டும் வலிக்கும். வெங்காயத்திலும் உள்ளியிலும் (தமிழகத்தார் பூண்டு என்பார்கள்) ஃபிரக்டான் என்ற சர்க்கரை நிறைய உண்டு. அதை உடைக்கும் நொதியம் மனித உடலில் யாருக்குமே கிடையாது. ஒரே ஒரு பல் உள்ளிகூட மொனாஷ் கைபேசிச் செயலியில் சிவப்பு விளக்குத்தான்.

இரண்டு முதல் ஆறு கிழமை வரை இறுக்கமாகத் தவிர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையையும் தனித்தனியே திருப்பிச் சாப்பிட்டு, எது ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்று பார்க்க வேண்டும். ஆயுள் முழுக்க இருக்கிற உணவுமுறை அல்ல, இது ஒரு சோதனை என்று அந்தப் பெண் திருப்பித் திருப்பிச் சொன்னார். சோதனை என்ற அந்தச் சொல்லை நான் காதில் வாங்கவே இல்லை. எனக்கு அது பத்தியம் என்றே கேட்டது.

பத்தியம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் அம்மா பிள்ளை பெற்ற வீடுகளில் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்தவர். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் வெயிலில் காயவைத்து, வறுத்து, அம்மியில் அரைப்பார். மீனைக்கூடக் கடற்கரையில் தானே பார்த்து வாங்கினால்தான் சட்டியில் போடுவார். அந்தப் பத்தியத்தில் அவர் கை படாத பொருள் ஒன்றும் இருக்கவில்லை. அவர் மகள் என்ற நினைப்பு எனக்கு. அம்மா செய்ததில் எது முக்கியமோ அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை, பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் கிழமையே வீட்டில் இருந்த வெங்காயம், உள்ளி அவ்வளவையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதை நாலு பேரிடம் சொன்னேன். ஆனால் கறியில் உயிர் இல்லை. வெங்காயம் வதக்காத கறிக்கு என்ன மணம் வரும்? பிள்ளைகள் கோப்பையைத் தள்ளி வைத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. அப்போதுதான் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு லீற்றர் பெட்டியில் அடைத்து விற்கும் கோழிச் சாற்றை வாங்கினேன். இங்கே ஸ்டொக் என்பார்கள். பெட்டியின் முன்பக்கத்தில் எலும்பில் காய்ச்சியது, செயற்கை நிறம் இல்லை, குளூட்டன் இல்லை என்று பெரிய எழுத்தில் இருந்தது. குளூட்டன் இல்லை என்றால் கோதுமை இல்லை, கோதுமை இல்லை என்றால் இந்தப் பத்தியத்துக்குச் சரி என்று கணக்குப் போட்டேன். கணக்கே பிழை. ஃபொட்மாப் முறையில் கோதுமையை விலக்குவது குளூட்டனுக்காக அல்ல, அதற்குள் இருக்கும் ஃபிரக்டானுக்காக. குளூட்டன் துளியும் இல்லாத பண்டத்தில் உள்ளி எவ்வளவும் இருக்கலாம்.

அந்த ஸ்டொக்கில் சோறு சமைத்தேன். குழம்பு கூட்டினேன். உடனே சுவை வந்தது. அவர் ஒரு கரண்டி கூடக் கேட்டார். இழந்த சுவை எப்படித் திரும்பியது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் விடை அங்கேயே இருந்தது. திரும்பி வந்தது வெங்காயமும் உள்ளியும்தான்.

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. அவருக்கு வயிறு முறுக்கிய நாள்களில் நான் கஞ்சி காய்ச்சினேன். வெறும் கஞ்சி உடம்புக்குப் பலம் தராது என்று அதையும் ஸ்டொக்கிலேயே காய்ச்சினேன். நல்ல நாளில் ஒரு கோப்பை என்றால் வலிக்கிற நாளில் மூன்று கோப்பை. குடியுங்கோ, வயிறு ஆறும் என்று பக்கத்தில் நின்று குடிக்க வைத்தேன். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே வெங்காயம் கொதித்த சாற்றிலிருந்து வெங்காயத்தை வடித்து எறிந்தாலும் அதன் சர்க்கரை சாற்றிலேயே நிற்கும். இந்த நோய்க்காரருக்கு வலியை எளிதாக ஊட்டக்கூடிய வடிவம் அதுதான். நான் மருந்தென்று கொடுத்தது அதை.

எனக்கு வாசிக்கத் தெரியாதா? நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கே ஒவ்வொருவருக்கும் உணவு அட்டை உண்டு. இன்னாருக்குப் பால் ஆகாது, இன்னாருக்குக் கடலை ஆகாது என்று எழுதியிருக்கும். புதிதாக ஒரு சோஸ் போத்தல் வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வைத்த பிறகுதான் மூடியைத் திறப்பேன். பல வருடமாக ஒரு நாள் தவறவில்லை. பெயர் மட்டுமே தெரிந்த முதியவர்களுக்குச் செய்ததை என் வீட்டு மனிதருக்குச் செய்யவில்லை. வீட்டில் கையெழுத்துக் கேட்க ஆள் இல்லை. இதைவிட நாகரிகமான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆலோசகர் என்னிடம் கேட்காமலும் இல்லை. முதல் சந்திப்பிலேயே, சோஸ், ஸ்டொக், மசாலாத் தூள் மூன்றிலும்தான் உள்ளி ஒளிந்திருக்கும், பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றார். அவர் வசனத்தை முடிக்கும் முன்பே பார்ப்பேன் என்று தலையாட்டினேன். மூன்றாவது கிழமை தொலைபேசியில், கடையில் வாங்கிய சூப், ஸ்டொக் ஏதும் பாவிக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். ‘எல்லாம் வீட்டிலேயே சமைக்கிறேன்’ என்றேன். அந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். அது பொய் இல்லை என்று அன்றைக்கு நம்பினேன். கேட்டது வேறு, சொன்னது வேறு. என் சமையலில் குறை இருக்கலாம் என்று ஒருத்தி கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறு கிழமை முடிந்தது. வலியில் பெரிய மாற்றம் இல்லை. நல்ல நாள் நாலு வரும், பிறகு மூன்று நாள் கிடையில் விழுத்தும். ஆறு கிழமையில் பலன் தெரியாவிட்டால் இந்த முறை இவருக்கு உதவவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம், வைத்தியரைப் பார்க்கும் வரை இப்படியே சாப்பிடட்டும் என்றார் ஆலோசகர். அடுத்த கிழமை வைத்தியர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் இரவில் போடச் சொன்னார். பெரிய அளவில் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து, சிறிய அளவில் குடல் நரம்புகளின் வலியைத் தணிக்கும். பலருக்கு நல்ல பலன் தரும் மருந்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கம் வரும், வாய் காயும். உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியும் வரை பஸ் ஓட்ட வேண்டாம் என்றார். கணவர் சில நாள் சம்பளமில்லா லீவு எடுத்தார். பிறகும் காலையில் தலை பாரமாக இருந்ததால், இத்தனை வருடம் வைத்திருந்த விடியற்காலை வேலையை விட்டுப் பிற்பகல் வேலைக்கு மாறினார். பின்னேரம் சின்ன மகளின் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். அந்தக் கதிரை வெறுமையானது.

மாத்திரை தொடங்கி நாலாம் நாள். வெற்றுப் பெட்டிகளை மடித்து மஞ்சள் மூடித் தொட்டியில் போடக் குந்தியிருந்தேன். ஒரு பெட்டியை மிதித்துத் தட்டையாக்கியபோது பின்பக்கம் மேலே வந்தது. கோழிச் சாறு, உப்பு, பிறகு வெங்காயச் செறிவு, இன்னும் இரண்டு சொல் தள்ளி உள்ளிப் பொடி. இந்த நாட்டில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் போட வேண்டும் என்பது எனக்கு வேலையில் படித்த பாடம். தடித்த எழுத்தில் போட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் வெங்காயமோ உள்ளியோ இல்லை. பால், முட்டை, சோயா, கோதுமை என்றால் கண்ணில் குத்தும். இவை மற்றச் சொற்களோடு சாதாரணமாகவே இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். நிறுவனம் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் எழுதித்தான் இருந்தது.

அந்தப் பெட்டியைத் தொட்டியின் அடியில் தள்ளி மேலே பழைய பத்திரிகைகளைப் போட்டேன். குளிர்ப்பெட்டியில் பாதி இருந்த ஸ்டொக்கைக் கழுவுதொட்டிக்குள் ஊற்றினேன். அன்றிரவு வெறும் தண்ணீரில் சமைத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன்? ஊரில் என் பெயர் பத்தியம் பார்க்கிறவள். அவரின் தமக்கை கொழும்பிலிருந்து தொலைபேசியில் எடுத்து, ‘நீர் இல்லாட்டி அவன் என்ன பாடுபடுவான்’ என்று சொன்னது அதே கிழமைதான். அந்தச் சொல்லை இழக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றேன். மறுநாள் அவர் களைத்து வந்தார், ஆகவே அடுத்த நாள் என்றேன். பத்து நாள் போனதும் சொல்வதற்கு இரண்டு குற்றம் சேர்ந்துவிட்டது. பதினைந்தாம் நாள் வேறொரு சமாதானம் கிடைத்தது: இப்போது அவருக்குச் சுகமாகத்தானே இருக்கிறது?

உண்மையிலேயே சுகமாக வந்தது. இரண்டாம் கிழமையிலிருந்து வயிறு அடங்கியது. ‘மருந்து நல்லா வேலை செய்யுது’ என்று அவர் மகிழ்ந்தார். நானும் ஓம் என்றேன். அந்த ஓம்தான் இதில் ஆகக் கெட்டது. எது சுகமாக்கியது, மாத்திரையா, நான் நிறுத்திய ஸ்டொக்கா? வீட்டில் அந்தக் கேள்வி இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும். அவருடைய கோப்பில் உணவுமுறை பலனளிக்கவில்லை, மருந்து பலனளித்தது என்று பதியவிட்டேன். 2014 இல் மொனாஷ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னர் வாசித்தேன். ஐபிஎஸ் உள்ள 30 பேர் ஃபொட்மாப் குறைந்த உணவையும் வழக்கமான அவுஸ்திரேலிய உணவையும் 21 நாள் வீதம் சாப்பிட்டார்கள். குறைந்த உணவில் தொந்தரவு ஏறக்குறையப் பாதியானது. அந்த நாள்களில் அவர்கள் சாப்பிட்டதில் பெரும்பகுதியை ஆய்வுக்காரரே ஆயத்தம் செய்து கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒன்றும் கலந்துவிடாதபடி பார்க்க வேறு வழி இல்லை. எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. நான் சோதனையைக் கெடுத்தேன், கெட்டதை அறிந்த பிறகும் அதன் முடிவைச் செல்லுபடியாக விட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் இரவு அவர் மறுநாள் வைத்தியரிடம் போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். கொஞ்சம் மிச்ச வலி இருக்கு, மாத்திரையைக் கூட்டுவார் போல என்றார். தன் சாப்பாட்டுக் குறிப்புக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அதுவரை அந்தக் கொப்பியை நான் திறந்ததில்லை. திறந்தேன். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, வலி வந்த நேரம், எல்லாம் அவருடைய சின்னக் கையெழுத்தில் இருந்தது. டிப்போவில் குடித்த தேநீருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. நண்பர் கொடுத்த அரை வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. ஒரு நாள் தண்ணீர்ப் போத்தலுக்கே கேள்விக்குறி போட்டிருந்தார். ‘வீட்டுக் கஞ்சி, 3 கோப்பை’ என்ற வரிகளுக்குப் பக்கத்தில் எல்லாம் சரி அடையாளம். சரி போட்ட வரிகளுக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி, வலி, வலி, வலி.

அவர் வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். பெட்டி, உள்ளிப் பொடி, ஆலோசகரிடம் சொன்ன பதில், மஞ்சள் மூடித் தொட்டி, ஒன்றும் விடவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கனநேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘எத்தினை நாளாத் தெரியும்?’

‘இருபத்திரண்டு நாள்.’

‘நான் என்ர மண்டைதான் பிழை எண்டு நினைச்சன்’ என்றார். பிறகு எழும்பிப் படுக்கப் போய்விட்டார். அவர் ஸ்டொக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது விடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் வைத்தியரிடம் அவரோடு நானும் போய் என் வாயாலேயே சொன்னேன். ஆலோசகருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு பேரும் என்னைக் கண்டிக்கவில்லை. உணவுமுறையை முதலிலிருந்து தொடங்கினோம். வைத்தியரின் சொற்படி கணவர் மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். நாலாம் கிழமையில் கொப்பியில் வலியில்லாத நாள்கள் தொடர்ந்து வந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சாப்பிட்டுப் பார்த்ததில் பாலும் ஆப்பிளும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. பாண் இரண்டு துண்டு வரை சரி. உள்ளி சிறிதளவும் ஆகாது, வெங்காயமும் அப்படியே. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் முன்னதாகவே முடிந்திருக்கும். விடியற்காலை வேலை இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை, அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ஸ்டொக்கை நானே காய்ச்சுகிறேன். கோழி எலும்பு, கரட், இஞ்சி, மிளகு, லீக்ஸின் பச்சை இலை. வெள்ளைத் தண்டு அல்ல, பச்சை மட்டும். செலரியும் காளானும் போடுவதில்லை, அவற்றில் மனிற்றோல் உண்டு. உள்ளி மணம் வேண்டுமென்றால் பல்லை எண்ணெயில் பொரித்து எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயை அன்றைக்கே பாவித்து முடிக்கிறேன். வீட்டில் செய்த உள்ளி எண்ணெயை நாள்கணக்கில் வைத்திருந்தால் பொட்டுலிசம் என்ற நச்சு ஆபத்து உண்டு. ஃபொட்மாப் சோதித்து மொனாஷ் சான்று கொடுத்த ஸ்டொக்கும் கடையில் கிடைக்கிறது. நான் வாங்கிய பெட்டிக்கு அதே தட்டில் இரண்டு சாண் தள்ளி இருந்திருக்கலாம், நான் தேடவில்லை. ஒரு சனிக்கிழமை அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கிப் பின்பக்கம் வாசித்தேன். பெருங்காய டப்பியில் கோதுமை மா இருந்தது. ஒரு சிட்டிகையில் அது இவருக்குப் பெரிதல்ல, ஆனால் சீலியாக் நோய்க்காரர் வீட்டில் அந்தச் சிட்டிகையே நோய். ரசத்தூளில் உள்ளி. உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றில் வெங்காயப் பொடி. சுவையூட்டி என்று மட்டும் போட்டு விளக்கம் இல்லாத மூன்று பொருள்களைப் பற்றித் தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். இருவர் பதில் எழுதினார்கள். மூன்றாவதை எறிந்துவிட்டேன்.

அவரின் தமக்கைக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த முனையில் கொஞ்சநேரம் சத்தமே இல்லை, பிறகு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

அவர் என்னோடு கதைக்கிறார், சிரிக்கிறார், வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் நான் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தால் கரண்டியை எடுக்க முன் நிமிர்ந்து பார்த்து, ‘இதுக்குள்ள என்னென்ன போட்டனீர்?’ என்று கேட்கிறார். முன்பு ஒருநாளும் கேட்காதவர். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் சாப்பிடத் தொடங்குகிறார்.